சம்பளச் சீட்டில் வரி ஏன் துள்ளுகிறது? அறிகுறி பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் வழி

கோத்தகிரியில் விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொலைபேசி அடித்தால் எங்கள் வீட்டில் இரண்டே காரணம்தான். ஒன்று சாவுச் செய்தி; இல்லையென்றால் டெக்சஸில் வேலை பார்க்கும் தங்கை மகன். அன்றைக்கு இரண்டாவது. "பெரியம்மா, புது அலுவலகத்தில் மாதம் 500 டாலர் காணாமல் போகிறது. ஆண்டுச் சம்பளம் பழையதேதான். இங்கே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றான்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், கீழ்த்தெருவிலிருந்து ஒரு தேயிலைத் தொழிற்சாலை மேலாளர் குடையை மடக்கிக்கொண்டே வந்து நின்றார். "அக்கா, தீபாவளிப் பணம் 80,000 வந்தது. அதற்கு வரி 67,600 என்கிறது எங்கள் அலுவலகம். இது எந்த ஊர் நியாயம்?"

இருபத்தெட்டு ஆண்டுகள் சம்பளப் பட்டியல் போட்டவள் என்பதால் இப்படிச் சீட்டும் கையுமாக வருகிறவர்கள் எனக்குப் புதிதல்ல. இந்த இருவரின் சீட்டுகளிலும் கூட்டல் கழித்தல் சரியாகவே இருந்தது. இருவருக்கும் புரியாமல் போனதும் ஒன்றே: ஒரு சீட்டை வைத்துக்கொண்டு உங்கள் முழு ஆண்டு வருமானத்தைக் கணினி எப்படி ஊகிக்கிறது என்பது. அதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் தாமே விளங்கிவிடும்.

எதையும் தொடுவதற்கு முன்

சிறு விவசாயி தொழிற்சாலைக்கு இலை போடும்போது கோணிக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று எடையில் கழித்துக்கொள்கிறார்கள் அல்லவா? மழை நாளில் கழிவு கூடும், வெயில் நாளில் குறையும். அது ஊகக் கழிவு. சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரியும் அந்த வகைதான். உண்மையான வரி ஆண்டு முடிந்த பிறகு, கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான் முடிவாகிறது. ஊகம் கூடிப்போனால் பணம் திரும்பி வரும். குறைந்துபோனால் கையிலிருந்து கட்ட வேண்டும்.

இந்தியாவில் ஊகம் ஆண்டு முழுமைக்கும் ஒன்று. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192ஆவது பிரிவுப்படி, ஏப்ரல் முதல் மார்ச் வரை உங்களுக்கு எவ்வளவு வரும் என்று முதலாளி மதிப்பிட்டு, அதற்கான வரியின் சராசரி விகிதத்தில் ஒவ்வொரு முறை பணம் தரும்போதும் பிடிக்க வேண்டும். இடையில் மதிப்பீடு மாறினால் மிச்ச மாதங்களில் கூட்டியோ குறைத்தோ சரிசெய்துகொள்ளவும் அதே பிரிவு இடம் தருகிறது. ஆகவே வாரக் கூலியானாலும் மாதச் சம்பளமானாலும் ஆண்டு வரி மாறாது.

அமெரிக்காவில் கணினிக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு சீட்டையும் அது தனியாகப் பார்க்கிறது. "இவருக்கு இன்று 3,000 டாலர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம். ஆகவே ஆண்டுக்கு 26 முறை இதே 3,000" என்று பெருக்கி, அந்த ஆண்டுத் தொகைக்கு வரி போட்டு, அதை 26ஆல் வகுத்துப் பிடித்துவிடுகிறது. வாரச் சம்பளம் என்றால் 52, மாதம் இருமுறை என்றால் 24, மாதச் சம்பளம் என்றால் 12. போன மாதம் என்ன கொடுத்தோம், அடுத்த மாதம் வேலையில் இருப்பாரா என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை.

சீட்டைக் கையில் எடுத்ததும் மூன்றைப் பார்த்துவிடுங்கள்: எந்த நாட்டுச் சீட்டு, எத்தனை நாளுக்கு ஒருமுறை சம்பளம், ஆண்டின் தொடக்கத்திலிருந்து இதுவரை பிடித்த மொத்த வரி. மூன்றாவதைப் பார்க்காமல் ஒரு மாதத் தொகையை மட்டும் வைத்துச் சண்டை போடுகிறவர்கள் ஏராளம். நானே போட்டிருக்கிறேன்.

கீழே டாலர்க் கணக்குகள் அனைத்தும் 2026ஆம் ஆண்டு எண்கள். மணமாகாதவர், ஒரே வேலை, வரிச் சட்டப்படி அங்கே குடியிருப்பவராகக் கருதப்படுபவர். வரி போடுவதற்கு முன் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் நிலையான கழிவு 16,100 டாலர். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் இதை அப்படியே போட்டுப் பார்க்க வேண்டாம். ரூபாய்க் கணக்குகள் 2025–26 நிதியாண்டுக்கானவை. பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளபடி தந்திருக்கிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதால் அதற்குப் பிந்தைய சம்பளத்துக்கு எண்கள் வேறாக இருக்கும்.

"இருவாரச் சம்பளத்துக்கு மாறியதும் மாத வருமானம் குறைந்துவிட்டது"

தங்கை மகனின் கதை இது. ஆண்டுக்கு 78,000 டாலர். முன்பு மாதம் 6,500; இப்போது இருவாரத்துக்கு 3,000. மாதத்துக்கு இரண்டு சீட்டு என்று அவன் மனக்கணக்குப் போட்டான்: 6,000. ஆக 500 காணவில்லை.

காணாமல் போகவில்லை. 52 வாரத்தில் இருவாரச் சீட்டு 26 வரும். மாதம் இரண்டு என்றால் 24தான். மிச்சம் இரண்டு சீட்டுகள் ஆண்டில் ஏதோ இரண்டு மாதங்களில் மூன்றாவது சீட்டாக வந்து விழும். அந்த 6,000 டாலர்தான் மாதம் 500 வீதம் அவன் தேடிக்கொண்டிருந்தது.

வரியையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 78,000இல் 16,100 போனால் 61,900. முதல் 12,400க்கு 10 சதவீதம், அடுத்து 50,400 வரை 12 சதவீதம், மிச்சம் 11,500க்கு 22 சதவீதம். மொத்தம் 8,330 டாலர். மாதச் சீட்டில் பிடிக்க வேண்டியது 694.17, மாதம் இருமுறை என்றால் 347.08, இருவாரச் சீட்டில் 320.38, வாரச் சீட்டில் 160.19. எப்படி வெட்டினாலும் ஆண்டு முடிவில் அதே 8,330தான். சமூகப் பாதுகாப்பு 6.2 சதவீதம், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீடு 1.45 சதவீதம் ஆகியவை சீட்டுத் தொகையில் நேரடியாகப் பிடிக்கப்படுபவை. அவனுடைய சம்பள அளவில் எத்தனை முறை சம்பளம் என்பதால் அவற்றில் எந்த மாற்றமும் வராது.

செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. வாடகையையும் கடன் தவணையையும் இரண்டு சீட்டு மாதத்தை வைத்துத் திட்டமிடச் சொன்னேன். மூன்று சீட்டு மாதம் வந்தால் ஊருக்கு டிக்கெட் எடுக்கட்டும்.

"சம்பளமும் சீட்டு முறையும் சரி, வரி மட்டும் பாதியாக இருக்கிறது"

மகிழ்ச்சியோடு வரும் அறிகுறி இது, அதனால்தான் ஆபத்து. கைக்குக் கூடுதலாக வந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

சம்பள மென்பொருளில் ஒவ்வொரு ஊழியருக்கும் "எத்தனை நாளுக்கு ஒருமுறை" என்று ஓர் அமைப்பு இருக்கும். புது ஊழியரைச் சேர்க்கும்போது அதில் கை தவறுவது சாதாரணம். 3,000 டாலர் இருவாரச் சீட்டை மாதச் சீட்டு என்று பதிந்துவிட்டால் கணினி 26க்குப் பதிலாக 12ஆல் பெருக்கும். ஆண்டு வருமானம் 36,000 என்று நம்பும். வரி 2,140, அதைப் பன்னிரண்டால் வகுத்துச் சீட்டுக்கு 178.33 பிடிக்கும். ஆனால் சீட்டு வருவது 26 முறை. ஆண்டு முடிவில் பிடித்தது 4,637 டாலர். கட்ட வேண்டியது 8,330. கிட்டத்தட்ட 3,700 டாலர் பள்ளம்.

தவறு எதிர்ப்பக்கம் நடந்தால், அதாவது வாரச் சீட்டு என்று பதிந்துவிட்டால், 3,000ஐ 52ஆல் பெருக்கி ஆளை 1,56,000 டாலர்க்காரர் ஆக்கிவிடும். அப்போது சீட்டுக்கு 503.35 போகும். அதை யாராவது கவனித்துவிடுவார்கள், வலிக்கும் அல்லவா.

சோதிக்கும் முறை எளிது. உங்கள் சீட்டுத் தொகையை நீங்களே 12, 24, 26, 52 என்று பெருக்கி, நான்குக்கும் வரி போட்டு, அந்தந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். சீட்டில் உள்ள தொகை நான்கில் எதோடு பொருந்துகிறதோ அந்த எண்தான் கணினிக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஓய்வூதியச் சேமிப்பு, மருத்துவக் காப்பீடு போன்றவற்றை வரிக்கு முன்பே கழித்திருந்தால் அவை போன தொகையை வைத்துப் பெருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு நான் ஒருமுறை அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

பிழை உறுதியானால் சம்பளப் பிரிவுக்கு எழுத்தில் சொல்லுங்கள். அமைப்பைத் திருத்தினால் இனிவரும் சீட்டுகள் சரியாகும். பழைய பள்ளம் தானே நிரம்பாது. எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று ஊழியர் முதலாளிக்கு எழுதிக் கொடுக்கும் டபிள்யூ-4 படிவத்தின் நான்காம் படியில் ஒவ்வொரு சீட்டிலும் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லும் இடம் உண்டு. பள்ளத்தை மிச்சச் சீட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து அங்கே எழுதலாம். ஆண்டு முடிவில் பாக்கி 1,000 டாலருக்குக் கீழே இருந்தாலோ, இந்த ஆண்டு வரியில் 90 சதவீதமோ போன ஆண்டு வரியில் முழுவதுமோ ஏற்கெனவே பிடிபட்டிருந்தாலோ அபராதம் இல்லை. வருமானம் 1,50,000 டாலருக்கு மேல் உள்ளவர்களுக்குப் போன ஆண்டு வரியில் 110 சதவீதம்.

"கூடுதல் பிடித்தம் எழுதிக் கொடுத்தேன், இப்போது அளவு மீறிப் போகிறது"

அதே நான்காம் படியின் பக்க விளைவு. அங்கே எழுதும் தொகை மாதத்துக்கு அல்ல, சீட்டுக்கு. மாதச் சம்பளக் காலத்தில் 200 என்று எழுதியவருக்கு ஆண்டுக்கு 2,400 போயிருக்கும். அலுவலகம் இருவாரத்துக்கு மாறி, பழைய படிவம் அப்படியே கிடந்தால் 5,200 போகும். புதுப் படிவத்தில் 92 என்று எழுதிக் கொடுங்கள். 2020இல் படிவம் மாறிவிட்டது. பழைய முறையில் இருந்த "எத்தனை பேருக்கான சலுகை" என்ற எண்ணிக்கையைப் புதுப் படிவத்தில் தேடாதீர்கள்.

"இந்த ஆண்டு 27 சீட்டு வருகிறது"

26 இருவாரங்கள் சேர்ந்தால் 364 நாள். ஆண்டுக்கு ஒருநாள், மிகுநாள் ஆண்டுக்கு இரண்டு நாள் மிஞ்சும். அவை சேர்ந்து சேர்ந்து ஏறத்தாழப் பதினோரு ஆண்டுகளுக்கு ஒருமுறை 27ஆவது சீட்டைத் தள்ளிவிடும். 2026 ஜனவரி 2, வெள்ளிக்கிழமை முதல் சீட்டு வாங்கியவருக்கு 27ஆவது சீட்டு 2027 ஜனவரி 1 அன்று வர வேண்டும். அன்று வங்கி விடுமுறை என்பதால் டிசம்பர் 31ஆம் தேதியே கொடுத்துவிட்டால் அது 2026 கணக்கில் சேரும்.

சில நிறுவனங்கள் ஆண்டுச் சம்பளத்தை 27ஆல் வகுத்துச் சீட்டைச் சிறிதாக்கும். சில அதே 3,000ஐத் தரும். அப்போது அந்த ஆண்டு வருமானம் 81,000 ஆகிறது. 26 என்றே பெருக்கிக்கொண்டிருந்தால் 27 சீட்டிலும் சேர்த்துப் பிடிபடுவது 8,650. உண்மையான வரி 8,990. குறைவு 340 டாலர். இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம், எடுத்து வைத்தால் போதும்.

"பாதி ஆண்டுதான் வேலை செய்தேன், முழு ஆண்டுக்காரருக்கு நிகராகப் பிடித்திருக்கிறார்கள்"

ஞாபகமில்லாத கணினியின் இன்னொரு குணம். ஜூலையில் சேர்ந்தவருக்கு 13 சீட்டு; சீட்டுக்கு 320.38 வீதம் 4,165 டாலர் போகும். ஆனால் அந்த ஆண்டு அவர் சம்பாதித்தது 39,000தான், அதற்கு வரி 2,500. மிச்சம் 1,665 டாலர் கணக்குத் தாக்கல் செய்த பிறகு திரும்பி வரும். பகுதி ஆண்டு முறை என்று ஒன்று உண்டு. ஆண்டில் 245 நாளுக்கு மேல் வேலை இராது என்பவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் முதலாளி ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்பதில்லை.

நம் நாட்டில் அக்டோபரில் வேலைக்குச் சேரும் பெண்ணுக்கு இந்தத் தொல்லை இல்லை. மார்ச் வரை வரப்போகும் ஆறு மாதச் சம்பளத்தை மட்டும் மதிப்பிட்டால் போதும். இந்த ஒரு விஷயத்தில் நம் முறை அழகானது என்று சொல்வேன். பொதுவாக வரித் துறையைப் பாராட்டும் பழக்கம் எனக்கு இல்லை.

"போனஸுக்கு மட்டும் கடுமையான வரியா?"

அமெரிக்கச் சீட்டில் போனஸைத் தனியாகக் காட்டினால் 22 சதவீதம் தட்டையாகப் பிடிக்கலாம். 10 லட்சம் டாலரைத் தாண்டிய பகுதிக்கு 37. சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்தால் அந்த ஒரு பெரிய சீட்டையும் 26ஆல் பெருக்கிப் பார்க்கும். இரண்டும் பிடிக்கும் முறைகள் மட்டுமே. போனஸுக்கென்று தனி வரி அங்கும் இல்லை, இங்கும் இல்லை.

அப்படியானால் எங்கள் மேலாளரின் 67,600 எப்படி வந்தது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். குன்னூரிலிருந்து கூடலூர் வரை 2025 தீபாவளிக்கு இதே புலம்பலைக் கேட்டேன்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். அந்தத் தீபாவளிச் சமயத்தில் இருந்த சட்டத்தில், மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குவோருக்குச் சட்டப்படியான போனஸ் கிடையாது. அவருக்குக் கிடைத்தது நிர்வாகம் விரும்பிக் கொடுத்த தொகை. வரிக்கு இரண்டும் சம்பளம்தான்.

அவர் சம்பளம் மாதம் 1,05,000 ரூபாய், ஆண்டுக்கு 12,60,000. புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போனால் 11,85,000. வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாத வரை 60,000 ரூபாய் வரைக்கும் தள்ளுபடி உண்டு. எனவே ஏப்ரல் மதிப்பீட்டில் வரி பூஜ்யம். செப்டம்பர் வரை ஒரு பைசா பிடிக்கவில்லை, சரியாகவே பிடிக்கவில்லை.

அக்டோபரில் 80,000 சேர்ந்தது. வருமானம் 12,65,000. 12 லட்சக் கோட்டைத் தாண்டியதும் தள்ளுபடி முழுவதும் போய்விடும். அடுக்குப்படி வரி 69,750. இங்கே சட்டம் ஒரு சிறு கருணை காட்டுகிறது: 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு தாண்டினீர்களோ அதைவிட வரி அதிகமாக இருக்கக் கூடாது. தாண்டியது 65,000, ஆகவே வரி 65,000, அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி 4 சதவீதம், 2,600. மொத்தம் 67,600. எண்பதாயிரத்தில் அவருக்கு உண்மையில் மிஞ்சியது 12,400 ரூபாய். அலுவலகம் சொன்னது முழுக்கச் சரி.

இதைச் சீட்டில் காட்டுவது இரண்டு விதம். அக்டோபரிலிருந்து மார்ச் வரை ஆறு மாதத்துக்குப் பிரித்து மாதம் 11,267 பிடிக்கும் அலுவலகம் உண்டு. தீபாவளி மாதத்திலேயே மொத்தத்தையும் பிடித்து வீட்டில் பட்டாசைக் குறைக்க வைக்கும் அலுவலகமும் உண்டு. ஆண்டுக்குள் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய இடம் இருப்பதால், பிரித்துப் பிடிக்கும்படி கேட்பது நியாயமான கோரிக்கை.

"அந்தப் பணத்தை ஏப்ரலில் கொடுக்கச் சொல்லலாமா?" என்று கேட்டார். உங்களுக்கு உரியதாகிவிட்ட சம்பளம், கைக்கு வராவிட்டாலும் அந்த ஆண்டு வருமானம்தான். அந்தக் கதவு மூடியிருக்கிறது. திறந்திருக்கும் ஒரு சன்னல், முதலாளி செலுத்தும் தேசிய ஓய்வூதியத் திட்டப் பங்கு. அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை அதைப் புதிய முறையிலும் கழிக்கலாம். அவருடைய அடிப்படைச் சம்பளம் 50,000. படிகளில் ஒரு பகுதியைக் குறைத்து மாதம் 7,000 வீதம் ஆறு மாதம் அந்தக் கணக்கில் போடச் செய்தால் 42,000. வருமானம் 12,23,000 ஆகும். வரி 23,920 ஆக இறங்கும். மிச்சம் 43,680 ரூபாய். 42,000 ரூபாயை ஓய்வூதியத்துக்கு ஒதுக்கியதற்கு அதைவிட அதிகமாக வரி குறைகிற விசித்திரம், இந்த 12 லட்சக் கோட்டை ஒட்டிய குறுகிய பகுதியில் மட்டும் நடக்கும். நிறுவனம் அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவருடையது சேர்ந்திருந்தது, நவம்பர் முதல் தொடங்கினார்கள், ஒரு மாதம் போய்விட்டது.

கோட்டின் ஓரத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் ஏப்ரலிலேயே "இந்த ஆண்டு தீபாவளித் தொகை, நிலுவை எதுவும் வருமா" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"எஸ்டேட் சம்பளம் விவசாய வருமானம்தானே, ஏன் பிடிக்கிறார்கள்?"

இல்லை. சொந்தத் தோட்டத்துப் பச்சை இலையை விற்பவருக்கு அது விவசாய வருமானம். சொந்த இலையைத் தூளாக்கி விற்பவருக்கு அந்த வருமானத்தில் 40 சதவீதம் வியாபாரமாகக் கருதப்பட்டு வரிக்கு உள்ளாகும். எஸ்டேட்டில் சம்பளம் வாங்குபவருக்கு அது வெறும் சம்பளம், தேயிலை வாசனை எவ்வளவு அடித்தாலும்.

"டிசம்பர் வரை ஒன்றுமில்லை, ஜனவரியிலிருந்து சம்பளத்தைக் காணோம்"

உறைபனி மாதத்து வியாதி. சேமிப்புக்குக் கழிவு தரும் பழைய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டும் வரும். ஏப்ரலில் "ஒன்றரை லட்சம் சேமிப்பேன்" என்று எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அலுவலகம் நம்பிப் பிடித்தத்தைக் குறைத்திருக்கும். ஜனவரியில் ரசீது கேட்டால் இருக்காது. 20 சதவீத அடுக்கில் இருந்தால் 30,000, செஸ் சேர்த்து 31,200. மிச்சம் மூன்றே சம்பளம் என்பதால் மாதம் 10,400.

ரசீது இருந்தால் படிவம் 12பிபியோடு உடனே கொடுங்கள். கெடு தாண்டிவிட்டால் அலுவலகம் பிடித்தே தீரும்; அதற்காகச் சலுகை போய்விடாது. மார்ச் 31க்குள் சேமித்திருந்தால் கணக்குத் தாக்கலில் கேட்டு வாங்கலாம். எந்த வரி முறை என்பதையும் வியாபார வருமானம் இல்லாத சம்பளக்காரர் குறித்த தேதிக்குள் தாக்கல் செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம்.

"ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ ஒருமுறை, பிப்ரவரியை ஒட்டி ஒருமுறை ஏதோ குறைகிறது"

அது தொழில் வரி. தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி அமைப்பு வசூலிப்பது. ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500 ரூபாய். அது வருமான வரி அல்ல. பெங்களூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் அங்கே மாதம் 200 போனதோடு ஒப்பிட்டு, ஒரே சீட்டில் 1,250ஐப் பார்த்துத் திடுக்கிடுகிறார்கள்.

"வேலை மாறினேன், இரண்டு இடத்திலும் வரியே பிடிக்கவில்லை"

ஊட்டியில் ஒரு விடுதியில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் 90,000, பிறகு குன்னூரில் இன்னோர் இடத்தில் 1,30,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் இடம் கண்டது 5,40,000. இரண்டாவது கண்டது 7,80,000. இரண்டுமே "இவர் 12 லட்சத்துக்குக் கீழே" என்று நினைத்து விட்டுவிட்டன. கூட்டினால் 13,20,000. நிலையான கழிவு ஒருமுறைதான். வருமானம் 12,45,000, வரி செஸ்ஸோடு 46,800. பாக்கி 10,000 ரூபாயைத் தொட்டாலே முன்கூட்டி வரி கட்டியிருக்க வேண்டும் என்பதால் வட்டியும் சேரும்.

புது இடத்தில் சேர்ந்த வாரமே படிவம் 12பியில் பழைய சம்பளத்தையும் பிடித்தத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டால் இது வராது. கொடுக்க மனமில்லை என்றால் (பழைய சம்பளத்தைப் புது முதலாளிக்குக் காட்டக் கூசுகிறவர்கள் உண்டு, அது அவரவர் விருப்பம்) மார்ச் 15க்குள் நீங்களே முன்கூட்டி வரியாகக் கட்டிவிடுங்கள்.

அமெரிக்காவில் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பவருக்கும் இதே பள்ளம்தான். 39,000 டாலர் வீதம் இரண்டு வேலை என்றால் இரண்டு கணினியும் தனித்தனியாக 16,100ஐக் கழித்துக்கொண்டு 2,500 வீதம் 5,000 பிடிக்கும். கட்ட வேண்டியது 8,330. கணவன் மனைவி இருவரும் வேலை பார்த்துச் சேர்ந்து கணக்குக் கொடுத்தாலும் இப்படி ஆகலாம். டபிள்யூ-4இன் இரண்டாம் படி இதற்காகவே இருக்கிறது. இரண்டு வேலைச் சம்பளமும் ஏறத்தாழச் சமம் என்றால் இரண்டு படிவத்திலும் அந்தக் கட்டத்தில் குறியிட்டால் போதும்.

"ஊதிய ஒப்பந்த நிலுவை ஒரே மாதத்தில் வந்தது, வரி உச்சத்துக்குப் போனது"

பல ஆண்டு நிலுவை ஒரே ஆண்டில் விழுந்தால் மேல் அடுக்குக்குத் தூக்கிவிடும். இதற்கு 89ஆவது பிரிவில் நிவாரணம் உண்டு: அந்தந்த ஆண்டிலேயே வாங்கியிருந்தால் எவ்வளவு வரி வந்திருக்கும் என்று பார்த்து, கூடுதலைக் கழித்துத் தருவார்கள். வரித் துறை இணையதளத்தில் படிவம் 10இ-ஐ முதலில் போட வேண்டும். அதைப் போடாமல் கணக்கில் மட்டும் நிவாரணம் எழுதினால் மறுத்துவிடுவார்கள். அரசு, பொதுத்துறை, கூட்டுறவுச் சங்கம், கம்பெனி ஊழியர்கள் இந்த நிவாரணத்தை அலுவலகத்திலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். நம் மலையில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளில் வேலை செய்வோர் பலருக்கு இது தெரியாது.

"எல்லோருக்கும் இல்லாத 20 சதவீதம் எனக்கு மட்டும்"

பான் எண்ணைப் பாருங்கள். கொடுக்கவில்லை, தவறாகக் கொடுத்தீர்கள், ஆதாரோடு இணைக்காமல் செயலிழந்துவிட்டது, இவற்றில் ஒன்று. வருமானம் வரிக்கு உட்பட்டதாக இருந்து பான் சரியில்லை என்றால் குறைந்தது 20 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது விதி.

"சீட்டில் பிடித்திருக்கிறார்கள், வரித் துறைக் கணக்கில் இல்லை"

முதலில் தேதி பாருங்கள். அந்த மாதம் பிடித்ததை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அலுவலகம் அரசுக்குக் கட்ட வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30. ஆனால் உங்கள் பெயரில் அது 26ஏஎஸ் அறிக்கையில் (உங்களுக்காகக் கட்டப்பட்ட வரியை வரித் துறை காட்டும் பட்டியல்) தெரிவது, காலாண்டு அறிக்கையைத் தாக்கல் செய்த பிறகுதான். ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கான அறிக்கைக்கு ஜூலை 31 கெடு. மே மாதத்தில் போய்த் தேடிவிட்டு "திருடிவிட்டார்கள்" என்று கூவக் கூடாது. மற்ற காலாண்டுகளுக்கு அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31.

கெடு தாண்டியும் இல்லையென்றால், அல்லது தொகை குறைந்து தெரிந்தால், பான் எண்ணில் ஓரெழுத்து மாறி வேறு யாருக்கோ போயிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நான் வேலையில் இருந்தபோது அப்படி ஒருமுறை நேர்ந்தது, தட்டச்சியது நான்தான். திருத்த அறிக்கை தாக்கல் செய்தால் சரியாகிவிடும். பிடித்துவிட்டுக் கட்டவே இல்லை என்றால் அது முதலாளியின் குற்றம். பிடிக்கப்பட்ட தொகையை உங்களிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று 205ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் பிடித்ததற்கு ஆதாரம் உங்கள் கையில் இருக்க வேண்டும்: ஒவ்வொரு மாதச் சீட்டு, அந்தந்த மாத வங்கிக் கணக்குப் பதிவு. காகிதத்தை மட்டும் நம்ப வேண்டாம். எங்கள் ஊர் ஐப்பசி மழையில் பீரோவுக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கிறது. படம் எடுத்து, கீழ்நாட்டில் இருக்கும் பிள்ளைகளில் யாருக்காவது ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.